பாதிக் கோல்

புதன்கிழமை காலை பதினொன்றே காலுக்கு மே மாதத்தில் நீரிலிருந்து பிறந்து எழும் மேப்பூச்சிகளில் அந்த ஆண்டின் முதலாவது சார்ன் ஆற்றிலிருந்து எழுந்தது. நீரின் மேல்தோலைக் கிழித்து வெளியே வந்து, இறக்கை உலரும்வரை மிதந்து, பிறகு பறந்தது. லயனல் அதைப் பார்த்தான். தூண்டில் கோலைத் தொடவில்லை. இன்னும் சில எழட்டும் என்று கரைப் புல்லில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டான்.

அந்த வாரத்தில் அவனுக்கு அதுதான் கடைசி நாள். திங்கள், செவ்வாய், புதன் அவனுடையவை. வியாழன் முதல் சனி வரை பெரிலுடையவை. ஞாயிறன்று ஆற்றில் யாரும் தூண்டில் போடுவதில்லை.

பெரில் அவனுடைய மனைவியாக இருந்தவள். பிரிந்தபோது வீடு அவளுக்குப் போனது. காரும் நாயும் அவனுக்கு வந்தன. நாய் அந்தக் குளிர்காலத்திலேயே இறந்தது. ஆற்றை எப்படிப் பிரிப்பது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. அந்த ஆற்றில் மீன் பிடிக்கும் உரிமை ஒரு கிளப்புக்குத்தான், கிளப்பில் ஓர் உறுப்பினரின் இடத்துக்குக் கோல் என்று பெயர். அவர்களுக்கு இருந்தது ஒரே கோல், இருவர் பெயரிலும் சேர்த்து. இரண்டு வக்கீல்களும் மீன் பிடிக்காதவர்கள். ஆளுக்குப் பாதி என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். நுனி யாருக்கு, கைப்பிடி யாருக்கு என்று கிளப்பில் கொஞ்ச நாள் கேட்டுச் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது.

இந்த வசந்தத்தில் செயலாளர் பாசில் ஓர்ம் இருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார். அடுத்த பருவத்திலிருந்து பாதிக் கோல் கிடையாது. இடத்துக்காக வெளியே பலர் காத்திருக்கிறார்கள். ஒரு கோலுக்கு ஒரு பெயர்தான். மேப்பூச்சிக் காலத்தின் முதல் சனிக்கிழமை மாலைக்குள் இருவரும் பேசி ஒரு பெயர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கோல் வெளியாளுக்குப் போகும்.

அவர்கள் ஊர்க்கோடித் தேநீர்க் கடையில் சந்தித்தார்கள். தான் பிறந்தது இந்த ஆற்றங்கரையில் என்றாள் பெரில். தனக்கு இதைவிட்டால் வேறு எதுவும் இல்லை என்றான் லயனல். அது உண்மைதான். இரும்புக்கடைக்கு மேலே வாடகைக்கு ஓர் அறையில் இருந்தான். வாரத்தில் மூன்று நாள் ஆற்றில் நின்றான், மற்ற நாட்களில் அந்த மூன்று நாளுக்காகக் காத்திருந்தான். பெரில் ஸ்கோன் ரொட்டியை இரண்டாகப் பிளந்து வெண்ணெய் தடவினாள். விட்டுத்தர அவளும் தயாராக இல்லை. மழை விட்டதும் எழுந்து போனார்கள்.

நடைபாலத்துக்குக் கீழே, ஆல்டர் மரத்தின் வேர்கள் நீருக்குள் இறங்கும் இடத்தில், ஒரு மீன் மேலே வந்து பூச்சியை எடுத்தது. சத்தம் இல்லை. ஒரு வளையம் விரிந்து ஓட்டத்தில் கீழே போயிற்று. லயனல் கோப்பையைக் கவிழ்த்து மூடினான்.

கீழ்ப்பக்கமாகச் சுற்றி நீரில் இறங்கினான். முழங்கால் ஆழம்தான். சரளைக்கல்லில் ஒவ்வொரு காலாக வைத்து, வேருக்குப் பின்னால் நின்றான். மீன் மறுபடி வந்தது. அதன் முதுகு தெரிந்தது. பெரிய டிரவுட். சென்ற ஆண்டும் இதே இடத்தில்தான் இருந்தது. அவனும் பெரிலும் தத்தம் நாட்களில் அதன் மேல் வீசியிருக்கிறார்கள் என்பது கிளப்பில் எல்லோருக்கும் தெரியும்.

முதல் வீச்சு சரியாக விழுந்தது. ஆனால் ஓட்டம் நூலை இழுத்தது. முள்ளில் இறகும் நூலும் சுற்றிப் பூச்சிபோலக் கட்டிய பொய் ஈ நீரில் கோடு கிழித்தது. உயிருள்ள பூச்சி கோடு கிழிக்காது. மீன் வரவில்லை. லயனல் நூலைச் சுருட்டி, ஈயை ஊதி உலர்த்தி, கால் வலிக்கும்வரை அசையாமல் நின்றான். மீன் இரண்டு பூச்சிகளை எடுத்தது, மூன்றாவதை விட்டது. அப்போது மறுபடி வீசினான். நூலைக் கொஞ்சம் தளர்வாக விழவைத்தான். ஈ வேரை ஒட்டி இறங்கியது. நீர் ஓரிடத்தில் மேடாகி உள்ளே வாங்கியது. கோலைத் தூக்கினான்.

மீன் நீர்க்கொடிக்குள் போகப் பார்த்தது. அவன் பக்கவாட்டில் இழுத்துத் தடுத்தான். பாலத்தின் நிழலுக்கு ஓடியது, திரும்பியது. ரீல் இரண்டு முறை கத்தியது. பிறகு எடை மட்டும்தான் இருந்தது. கைவலையை அடியில் கொடுத்துத் தூக்கினான்.

தன் ஈயை எடுக்க மீனின் வாயைத் திறந்தபோது, தாடையின் மறு ஓரத்தில் இன்னொன்று இருந்தது.

சின்னது. அறுந்த நைலான் நூல் அரை விரல் நீளத்துக்கு அதில் தொங்கியது. முள் துருப்பிடித்திருக்கவில்லை. குத்திய இடத்தில் சதை இன்னும் சிவப்பாக இருந்தது. சில நாட்களுக்கு முன் யாரோ இந்த மீனை மாட்டி, இழந்திருக்கிறார்கள். அது ஒன்றும் அதிசயம் இல்லை. ஆனால் அந்த ஈயின் உடம்பில் செப்புக் கம்பி சுற்றியிருந்தது. செப்புக் கம்பி மிதப்பதற்கல்ல.

சார்னில் மிதக்கும் ஈ மட்டும்தான். மேலே வந்து உண்ணும் மீனைக் கண்ணால் பார்த்து, அதற்குப் பின்னாலிருந்து ஓட்டத்துக்கு எதிராக வீச வேண்டும். மூழ்கும் ஈயைப் போட்டு அடியில் கிடக்கும் மீனைத் துழாவுவது வேல்ஸில் சரி, யார்க்‌ஷயரில் சரி. இங்கே அது கூடாது, போட்டால் பெரிய விசாரணை எல்லாம் கிடையாது. செயலாளர் ஒரு கோப்பை ஷெரி ஒயின் ஊற்றிக் கொடுப்பார். அதற்குப் பிறகு அந்த ஆளை ஆற்றில் பார்க்க முடியாது. கம்பெனியைத் திவாலாக்கிய ஓர் உறுப்பினர் இன்னும் வெள்ளிக்கிழமைதோறும் வருகிறார். சிறைக்குப் போன ஒருவர் திரும்பி வந்தபோது, கரையிலுள்ள கிளப் கொட்டகையில் அவருடைய தொப்பி மாட்டிய இடத்திலேயே இருந்தது. மூழ்கும் ஈயைப் போட்டவர் யாரும் திரும்பி வந்ததில்லை.

லயனல் இடுக்கியால் முள்ளை எடுத்தான். மீனைத் தலை ஓட்டத்தின் பக்கம் இருக்கும்படி நீரில் பிடித்துக்கொண்டான். அது மூச்சு வாங்கி, வாலை அசைத்து, கையிலிருந்து நழுவிப் போயிற்று. போன பிறகுதான் ஈயை வெளிச்சத்தில் பார்த்தான்.

கம்பியின் சுற்று எதிர்ப்பக்கமாக ஏறியிருந்தது. எல்லோரும் சுற்றும் திசைக்கு நேர்மாறாக. பெரில் இடக்கைக்காரி. கல்யாணமான புதிதில் அவன் அவளுடைய மேசையில் உட்கார்ந்து, அவள் பாதியில் விட்ட ஈயை முடிக்கப் பார்த்தான். சுற்றச் சுற்ற நூல் அவிழ்ந்துகொண்டே வந்தது. அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆற்றில் இடது கையால் ஈ கட்டுகிறவர் வேறு யாரும் இல்லை.

ஈயைத் தொப்பியில் குத்திக்கொண்டு கரையேறினான். ஆற்றின் மேல் இப்போது பூச்சிகள் கூட்டமாக எழுந்தன. எங்கு பார்த்தாலும் வளையங்கள். அவன் கோலைக் கழற்றிப் பையில் போட்டான்.

பாசில் ஓர்ம் பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்தில் பட்டாணிக் கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார். மேப்பூச்சி எழும் நாளில், மதியம், உறுப்பினர் ஒருவர் தன் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் யார் செத்தது என்று கேட்டார். லயனல் தொப்பியைக் கழற்றி நீட்டினான். பாசில் உள்ளே போய்க் கண்ணாடியும் இடுக்கியும் கொண்டுவந்தார். ஈயை எடுத்து வெயிலில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எங்க கிடைச்சுது?"

பாலத்துக்குக் கீழே, ஆல்டர் வேரில் இருக்கும் மீனின் வாயில் என்றான் லயனல்.

"புடிச்சுட்டியா அத?"

"புடிச்சு விட்டுட்டேன்."

பாசில் தலையை ஆட்டினார். ஈயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இது யாரோடதுன்னு பாத்தாலே தெரியுது" என்றான் லயனல்.

"எனக்கு எப்படிய்யா தெரியும்?" என்றார் பாசில்.

அவர் குரல் உயர்ந்திருந்தது. லயனல் கம்பியின் சுற்றைக் காட்டினான். இடக்கைச் சுற்று என்றான். பாசில் இடுக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குச்சிக்கட்டின் மேல் உட்கார்ந்தார்.

"ஆமா. அட, ஆமா. பாவம், பெரில்."

சனிக்கிழமை மாலை கொட்டகையில் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார். மீனைப் பிடித்தவன் என்ற முறையில் லயனல் கூட இருந்தால் போதும், வாயைத் திறக்க வேண்டியதில்லை. பெயர் விஷயமும் அதோடு முடிந்துவிடும்.

"கோல் உன் பேர்லயே இருக்கட்டும். முழுசா" என்றார்.

ஈயை அவரே வைத்துக்கொண்டார். லயனல் நடந்தே வீட்டுக்கு வந்தான். காரை ஆற்றங்கரையில் விட்டுவிட்டு வந்தது மாலையில்தான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் பெரிலின் நாள். அவளுடைய நாட்களில் அவன் ஆற்றுப்பக்கம் போவதில்லை. அவளும் அப்படித்தான். காரை எடுக்கப் போனவன் பாலத்துச் சாராயக்கடையில் நுழைந்தான். ஆற்றுக் காவலர் விச்சர் ஜன்னலோரம் பன்றி இறைச்சியும் ஊறுகாய் வெங்காயமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே உட்காரச் சொன்னார். எல்லோரும் மீனோடு மல்லுக்கட்டும் வாரத்தில் லயனல் சட்டை கசங்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் தனக்கே பொறுக்கவில்லை என்றார். நீர்க்கொடி வெட்டுவதைப் பற்றியும், மேல் மடையில் அன்னங்கள் செய்யும் அட்டகாசத்தைப் பற்றியும் பேசினார்.

நடைபாலத்தடியில் இந்த வாரம் யாராவது நின்றார்களா என்று லயனல் கேட்டான். ஏதோ பேச்சுக்குக் கேட்பதுபோலத்தான் கேட்டான்.

"உங்க வீட்டம்மா அந்தப் பக்கமே வரல" என்றார் விச்சர். "மன்னிச்சுக்குங்க, பழைய வீட்டம்மா. போன வாரம் பூரா மேல் மடைதான். பாலத்தடியில நின்னது நம்ம பல்டாக்டர்."

"எப்ப?"

"திங்கக்கிழம விடியக்காலைல. நீங்க வர்றதுக்கு ரொம்ப முன்னாடி. ஒரு பூச்சி எந்திரிக்கல. ஒரு மீன் மேல வரல. மனுஷன் வீசிக்கிட்டே இருக்காரு. என்னங்கய்யா பண்றீங்கன்னு கேட்டேன். கைய பழக்குறேன்னாரு. புல்லுத்தரைல பழக்குனா கை பழகாதான்னேன். போய்யா உன் வேலையப் பாத்துக்கிட்டுன்னுட்டாரு." வெங்காயத்தைக் கடித்தார். "எனக்கென்ன, அவரு ஆறு."

லயனல் சிரித்தான். விச்சரும் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை மழை பெய்தது. லயனல் கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டிகளை இழுத்துப் போட்டான். முன்பு வேல்ஸுக்காகப் பெரில் கட்டிய ஈக்கள் ஒரு புகையிலை டப்பியில் இருந்தன. அந்த டப்பி அங்கே இல்லை. இருக்காது என்று தெரிந்துதான் தேடினான்.

பிரிவதற்கு முந்திய வசந்தத்தில் இருவரும் வேல்ஸுக்குப் போவதாக இருந்தது. கொஞ்ச நாள் வேறு ஆற்றில் நின்றால் நல்லது என்று யாரோ சொன்னார்கள். பெரில் சமையலறை மேசையில் உட்கார்ந்து அந்த ஆறுகளுக்கு ஏற்ற மூழ்கும் ஈக்களைக் கட்டினாள். அவன் பாத்திரம் துடைத்தான். கிளம்ப வேண்டிய நாள் வந்தபோது அவள் தன் தங்கை வீட்டில் இருந்தாள். பாசில் அதே மாதம் வேல்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தார். லயனல் டப்பியை அப்படியே அவர் கையில் கொடுத்தான். எனக்கு இனி எதற்கு என்று சொன்னது நினைவிருந்தது. பாசில் வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னார்.

பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் திரும்பத் தள்ளினான்.

கணக்கு எளிது. அவன் டப்பியைப் பற்றிப் பேசாமல் இருந்தால் கோல் அவனுடையது, வாரம் முழுவதும். பேசினால் பாசில் போவார். அவர் போனாலும் பாதிக் கோல் பாதிக் கோல்தான். சனிக்கிழமை மாலைக்குள் அவனும் பெரிலும் ஒரு பெயர் சொல்லப்போவதில்லை. கோல் வெளியாளுக்குப் போகும். பேசினால் இருவருக்கும் ஆறு இல்லை. பேசாவிட்டால் ஒருவருக்கு உண்டு. இப்படிப் பார்த்தால் பேசாமல் இருப்பதில் ஒரு நியாயம்கூட இருந்தது. அந்த நியாயத்தை அவன் மாலைவரை வைத்துப் பார்த்தான். பிறகு சட்டையைத் தேய்த்தான். பாசிலுக்கு ஃபோன் செய்யவில்லை. பெரிலுக்கும் செய்யவில்லை.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. கொட்டகையில் அவன் நுழைந்தபோது பாசில் மேசைக்குப் பின்னால் இருந்தார். டை கட்டியிருந்தார். மேசை மேல் ஷெரிப் புட்டியும் மூன்று கோப்பைகளும் ஒரு சாசரும் இருந்தன. சாசரில் ஈ. பாசில் அவனுக்கு ஜன்னலோர நாற்காலியைக் காட்டினார். வானிலையைப் பற்றி ஏதோ சொன்னார்.

பெரில் ஆற்றிலிருந்து நேராக வந்தாள். தொடைவரை ஏறிய ரப்பர் பூட்ஸிலிருந்து தண்ணீர் சொட்டியது. தலைமுடியில் ஒரு மேப்பூச்சி ஒட்டியிருந்தது, அவளுக்குத் தெரியவில்லை. மேல் மடையில் நல்ல மீன் ஒன்று கிடைத்ததாகச் சொல்லிக்கொண்டே வந்தவள் மேசையைப் பார்த்து நின்றாள்.

"ஷெரியா? யாருக்கு?"

உட்காருங்கள் என்றார் பாசில். அவள் உட்காரவில்லை. அவர் சாசரை அவள் பக்கம் நகர்த்தினார். லயனல் புதன்கிழமை பிடித்த மீனைப் பற்றிச் சொன்னார். எங்கே, எப்படி, வாயின் எந்த ஓரத்தில். சிறிய வாக்கியங்களாகச் சொன்னார். நோயாளியிடம் எந்தப் பல் போக வேண்டும் என்று சொல்வதுபோல இருந்தது. பெரில் கழுத்தில் தொங்கிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

"நான் கட்டினதுதான்" என்றாள்.

"அப்ப நாம பேச ஒண்ணும் இல்ல."

"கட்டினேன்னுதான் சொன்னேன். போட்டேன்னு சொல்லல."

"ஈ தானா பறந்து போயி மீன் வாயில உக்காந்துக்குமா, பெரில்?"

"உக்காரும். அதுக்குத்தான கட்டறோம்."

பாசில் சிரிக்கவில்லை. மூன்று கோப்பைகளிலும் ஷெரி ஊற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. இதைக் கௌரவமாக முடித்துக்கொள்ளலாம் என்றார். வெளியே யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. உடல்நிலை சரியில்லை, முழங்கால் வலி, ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். கோல் எப்படியும் லயனலின் பெயரில்தான் இருக்கப்போகிறது, வெளியாளுக்குப் போகவில்லை, அதை நினைத்து அவள் ஆறுதல் அடையலாம்.

பெரில் முதல்முறையாக ஜன்னல் பக்கம் பார்த்தாள். லயனல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். முந்திய நாட்களில் எழுந்த பூச்சிகள் முட்டையிட்டுவிட்டு இப்போது ஆற்றின் மேல் விழுந்துகொண்டிருந்தன. இறக்கை விரித்தபடி, கூட்டம் கூட்டமாக, ஓட்டத்தோடு வந்தன. மீன்கள் அவசரப்படவில்லை.

அவள் ஈயை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். விரல் நகத்தால் கம்பியை நெருடினாள்.

"இது பழைய காலிங் பெல்லப் பிரிச்சு எடுத்த கம்பி" என்றாள். பாசிலைப் பார்த்துச் சொல்லவில்லை. "கொஞ்சம்தான் இருந்துது. அந்த ஒரு தடவதான் கட்டினேன். கட்டினது பூரா ஒரே டப்பில போட்டேன்."

அது எப்போதோ நடந்தது என்றார் பாசில். அதெல்லாம் இப்போது எதற்கு என்றார். அவளுடைய கோப்பையை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளினார்.

"குடிங்க, பெரில்."

அவள் கோப்பையைத் தொடவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். தரைப்பலகையில் ஈரத்தடம் பதிந்தது. லயனலின் முழங்காலை இடிக்கும் அளவுக்குப் பக்கத்தில் நின்று, கையை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். பின்னால் பாசில் புட்டியின் தக்கையை எடுத்து மூடப் பார்த்தார். தக்கை சரியாக உட்காரவில்லை.

"வேல்ஸுக்கு நாம போகவே இல்ல" என்றாள். "அந்த டப்பிய யாருக்குக் குடுத்த, லயனல்?"